தண்ணீர்மலையில் வந்த 19 அழைப்புகள்

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்:

"வணக்கம் ஐயா. எனக்கு வயது 28. உணவுப் பொருள் மொத்த வியாபாரம் செய்யும் நிறுவனத்தில் கணினிப் பிரிவில் இருக்கிறேன். பிரிவு என்றால் நான் ஒருவன்தான். மொத்தம் 12 சர்வர்கள். பிறை தலைமை அலுவலகத்தில் 4, பாயான் லெப்பாஸ் கிடங்கில் 2, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா கடையில் 1, ஈப்போவில் 1, கிள்ளானில் 2, கிளவுடில் வாடகைக்கு எடுத்தவை 2. ஏழு விண்டோஸ், ஐந்து லினக்ஸ். எது படுத்தாலும் யாராவது போன் செய்து சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

இந்த வருடம் தைப்பூசத்தன்று பால்குடம் எடுத்துத் தண்ணீர்மலை ஏறிக்கொண்டிருந்தேன். போன் தம்பியிடம் இருந்தது. கீழே இறங்கி வந்து பார்த்தால் ஈப்போவிலிருந்து 19 அழைப்புகள். விடுமுறை என்றாலும் அன்று லோரிகளுக்குச் சரக்கு ஏற்றும் வேலை நடந்தது. பில் போட முடியவில்லை. ஈர வேட்டியைக்கூட மாற்றாமல் காரை எடுத்தேன். போய்ப் பார்த்தால் டிஸ்க் நிரம்பியிருந்தது. கணக்கு மென்பொருளின் டேட்டாபேஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் எஸ்.க்யூ.எல். லாக் ஃபைல் 200 ஜி.பி.யைத் தாண்டியிருந்தது. அதைச் சுருக்கினேன், பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. போக வர ஐந்து மணி நேரம் ஆனது.

இனிமேல் எல்லாவற்றையும் இருந்த இடத்திலிருந்தே பார்க்கும்படி செய் என்கிறார் முதலாளி. ஒரு நண்பர், சர்வரின் திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை எல்லா சர்வரிலும் இணையத்துக்குத் திறந்துவிடு, இணைப்பு நுழையும் வாசலான போர்ட்டின் எண்ணை மட்டும் மாற்று என்கிறார். இன்னொருவர், போனிலிருந்து இயக்கும் மென்பொருள் ஒன்றை 12 சர்வரிலும் ஒரே கடவுச்சொல்லில் போடச் சொல்கிறார். எந்த மென்பொருள் வாங்கலாம் ஐயா? பட்ஜெட் அதிகம் இல்லை."

தம்பிக்கு வணக்கம்.

எந்த மென்பொருள் என்ற கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன்னால், போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரி எனக்குக் கவலையாக இருக்கிறது. லாக் ஃபைல் 200 ஜி.பி.யைத் தாண்டியது, சுருக்கினேன், சரியாகிவிட்டது என்கிறீர்கள். அது இன்னும் சரியாகவில்லை.

அந்த டேட்டாபேஸ், எல்லா மாற்றத்தையும் லாக்கில் காத்துவைக்கும் 'ஃபுல்' ரிக்கவரி மாடலில் இருந்தால், லாக் பேக்கப் எடுக்கும்போதுதான் லாக் ஃபைலுக்குள் இடம் காலியாகும். தினமும் முழு பேக்கப் எடுத்தாலும் லாக் குறையாது, லாக்கைத் தனியாக எடுக்க வேண்டும். அது இவ்வளவு வளர்ந்திருக்கிறது என்றால் நெடுநாளாக யாரும் லாக் பேக்கப் எடுக்கவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். இன்னொன்றும் இருக்கிறது. சுருக்குவதற்காக மாடலை, பழைய குறிப்புகளைத் தானே கழித்துவிடும் 'சிம்பிள்' என்று மாற்றிவிட்டுத் திரும்பவும் 'ஃபுல்' ஆக்கியிருந்தால், பேக்கப் சங்கிலி அந்த இடத்தில் அறுந்துவிட்டது. புதிதாக ஒரு முழு பேக்கப் எடுத்தால் மறுபடி தொடரும். ஆகவே இதைப் படித்ததும் முதல் வேலையாக ஈப்போ டேட்டாபேஸுக்கு முழு பேக்கப் ஒன்று எடுங்கள். அதை ஈப்போ சர்வரிலேயே விட்டுவைக்காமல் பிறைக்கு ஒரு நகல் கொண்டுவாருங்கள். பிறகு மணிக்கு ஒரு தடவை லாக் பேக்கப் என்று அட்டவணை போட்டுவிடுங்கள். கண்காணிப்பு மென்பொருள் அடுத்த வாரம் வரட்டும், இது காத்திருக்கக்கூடாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் சொந்த அனுபவம் காரணம். பல வருடங்களுக்கு முன் ஷா ஆலமில் ஒரு கிடங்கின் சர்வரை நான் கோலாலம்பூரிலிருந்து பார்த்துக்கொண்டேன். தினமும் காலையில் பிங் அடிப்பேன், பதில் வரும், நல்லது என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். அந்த சர்வரில் ரெய்டு 5 என்ற முறையில் ஒன்றாகச் சேர்த்த நான்கு டிஸ்க். அதில் ஒன்று செத்து, சர்வர் 'பீப் பீப்' என்று கத்தத் தொடங்கியிருக்கிறது. சத்தம் தாங்காமல் அங்கே இருந்த கிராணி அறைக் கதவைச் சாத்திவிட்டார். அவர் மேல் தவறில்லை. அந்தச் சத்தத்துக்கு என்ன பொருள் என்று நான்தான் அவரிடம் சொல்லி வைத்திருக்கவில்லை. மூன்று வாரம் கழித்து இரண்டாவது டிஸ்க்கும் போனது. ரெய்டு 5 ஒரு டிஸ்க் சாவைத்தான் தாங்கும். பேக்கப்பைத் தேடினால், அது எப்போதோ நின்றுபோயிருந்தது. ஆறு பேர் ஒன்பது நாள் உட்கார்ந்து காகிதப் பில்களைப் பார்த்துத் திரும்பத் தட்டினார்கள். அந்த மூன்று வாரமும் என் பிங்குக்கு ஒழுங்காகப் பதில் வந்துகொண்டேதான் இருந்தது.

பிங் என்பது வாசலில் நின்று 'வீட்டில் யார்?' என்று கேட்பதுதான். உள்ளே இருப்பவருக்குக் காய்ச்சலா, சாப்பிட்டாரா என்பது அதில் தெரியாது. அதனால் உங்கள் 12 சர்வருக்கும் முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: இந்த சர்வர் யாருக்கு என்ன செய்துகொடுக்கிறது? ஈப்போவில் பதில், 'லோரி கிளம்புவதற்குப் பில் போட்டுக் கொடுக்கிறது'. அப்படியானால் பில் போட முடிகிறதா என்பதைத்தான் கண்காணிக்க வேண்டும். டேட்டாபேஸுக்குள் நுழைந்து ஒரு சின்னக் கேள்வி கேட்டு, பதில் எத்தனை நொடியில் வருகிறது என்று பார்க்கலாம். அதற்கு அடுத்துதான் டிஸ்க், மெமரி, ரெய்டு நிலை, உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பம், யு.பி.எஸ். பேட்டரி எல்லாம். பேக்கப்புக்குத் தனி இடம் கொடுங்கள். 'பேக்கப் தோல்வி' என்ற செய்தி வந்தால் எச்சரி என்று வைப்பது போதாது, நின்றுபோன பேக்கப் எந்தச் செய்தியும் அனுப்பாது. 'கடைசியாக நல்லபடி முடிந்த பேக்கப்புக்கு 26 மணி நேரத்துக்கு மேல் வயதாகிவிட்டால் எச்சரி' என்று வையுங்கள். அப்போது மௌனமும் பிடிபடும்.

சரி, மென்பொருள். உங்கள் அளவுக்குக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். ஸாபிக்ஸ் போதும். லாட்வியா நாட்டில் வங்கி ஒன்றில் வேலை பார்த்த அலெக்ஸி விளாடிஷெவ் 1998-இல் அந்த வங்கியின் தேவைக்காகத் தொடங்கி, 2001-இல் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட மென்பொருள் அது. விண்டோஸ், லினக்ஸ், சுவிட்ச், ரவுட்டர், யு.பி.எஸ். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும். புரோமிதியஸும் கிராஃபானாவும் சேர்ந்த ஜோடியும் அருமையானதுதான், படங்கள் இன்னும் அழகாக வரும். ஆனால் ஏழு விண்டோஸ் வைத்துக்கொண்டு தனி ஆளாக நிற்பவருக்கு ஸாபிக்ஸ்தான் சீக்கிரம் கைக்கு வரும் என்பது என் கருத்து. 12 சர்வருக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை, பிறை அலுவலகத்தில் சும்மா கிடக்கும் கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு ஓட்டலாம்.

ஒவ்வொரு சர்வரிலும் போடும் ஸாபிக்ஸ் ஏஜென்ட் என்ற சின்ன நிரலை 'ஆக்டிவ்' முறையில் வையுங்கள். அப்போது ஈப்போவில் இருக்கும் ஏஜென்ட்டே பிறைக்குக் கூப்பிட்டுத் தகவல் சொல்லும். ஈப்போ ரவுட்டரில் உள்ளே வருவதற்கு எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை, அங்கே ஐ.பி. எண் தினம் மாறினாலும் பிரச்சினை இல்லை. சுவிட்ச், யு.பி.எஸ். போன்றவற்றின் நிலையை எஸ்.என்.எம்.பி. என்ற நெட்வொர்க் முறை வழியாகக் கேட்கும்போது மூன்றாம் பதிப்பைப் பயன்படுத்துங்கள். பழைய இரண்டு பதிப்புகளிலும் கடவுச்சொல் போலப் பயன்படும் சொல் அப்படியே திறந்த எழுத்தில் லைனில் போகும்.

இதுவரை பேசியது கண். இனிப் பேசப்போவது கை. உங்களுக்கு யோசனை சொன்ன இரண்டு நண்பர்களும் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் இரண்டு பேருமே கண்ணையும் கையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார்கள். பார்ப்பதற்கு எத்தனை வழி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். தொடுவதற்கு ஒரே வாசல்தான் இருக்க வேண்டும், அந்த வாசலில் நல்ல பூட்டு இருக்க வேண்டும்.

ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான போர்ட் 3389. அதை 45000 என்று மாற்றினாலும், இணையம் முழுவதையும் தேடிக்கொண்டே இருக்கும் நிரல்கள் அதைக் கண்டுபிடித்துவிடும். பிறகு இரவு பகலாகக் கடவுச்சொல்லை முயன்றுகொண்டே இருக்கும். கடவுச்சொல் வலுவாக இருந்தால் போதுமே என்றும் சொல்ல முடியாது. 2019 மே மாதம் வெளியான 'புளூகீப்' ஓட்டை ரிமோட் டெஸ்க்டாப் சேவையிலேயே இருந்தது. அதில் உள்ளே நுழையக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. எவ்வளவு மோசமான ஓட்டை என்றால், ஆதரவை நிறுத்திப் பல வருடமான விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் ஓட்டையை அடைக்கும் பேட்ச் வெளியிட்டது. அப்படிப்பட்ட கதவை ஏழு இடத்தில் தெருவைப் பார்த்துத் திறந்து வைக்கலாமா?

இரண்டாவது நண்பரின் யோசனையில் ஆபத்து வேறு வகை. எல்லா சர்வரையும் இயக்கும் அதிகாரம் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால், அந்த ஒரு இடம் விழுந்ததும் எல்லாம் விழும். 2021 ஜூலை 2 அன்று காசேயா என்ற நிறுவனத்தின் தொலைநிர்வாக மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக, தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் கும்பல் நுழைந்தது. அந்த மென்பொருளை வைத்து மற்றவர்களின் கணினிகளைப் பராமரித்த நிறுவனங்கள் வழியாக, அவர்களுடைய வாடிக்கையாளர்கள் வரை அது போனது. ஸ்வீடனில் கூப் என்ற பேரங்காடி காசேயாவிடம் நேரடியாக எதுவும் வாங்கியதில்லை. இருந்தும் அவர்களுடைய காசு வாங்கும் இயந்திரங்கள் நின்று, நூற்றுக்கணக்கான கடைகளை மூட வேண்டியதாயிற்று. வேலையைச் சுலபமாக்கும் கருவி அங்கே திருடன் கையில் இருந்தது. பெரிய நிறுவனம் எழுதிய மென்பொருளுக்கே இந்த நிலை என்றால், ஒரே கடவுச்சொல் போட்ட 12 சர்வரை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பிறையில் ஒரு வயர்கார்டு வி.பி.என்., அதாவது இணையத்துக்குள் பூட்டிய தனிச் சுரங்கம், அமையுங்கள். இலவசம்தான், 2020 முதல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே வருகிறது. ஒவ்வொரு கிளையின் ரவுட்டரும் பிறைக்கு வெளியே கூப்பிட்டுச் சுரங்கம் போட்டுக்கொள்ளட்டும். இணைப்பு தூங்கிப்போகாமல் இருக்க 25 நொடிக்கு ஒரு தடவை தட்டும்படி அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். வெளியில் திறந்திருப்பது பிறையில் ஒரே ஒரு யு.டி.பி. போர்ட் மட்டும். சரியான சாவி இல்லாமல் தட்டுபவருக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது, அங்கே கதவு இருப்பதே வெளியிலிருந்து தெரியாது. உள்ளே வந்ததும் நேராக சர்வர்களுக்குப் போகாமல் நடுவில் ஒரு கணினியில் நுழைய வேண்டும். கடவுச்சொல்லோடு போனில் வரும் ஆறு இலக்க எண்ணையும் அங்கே கேட்க வேண்டும். அங்கிருந்து விண்டோஸுக்கு ரிமோட் டெஸ்க்டாப், லினக்ஸுக்குத் தொலைவிலிருந்து கட்டளை தட்டும் எஸ்.எஸ்.எச். எஸ்.எஸ்.எச்.-இல் கடவுச்சொல் நுழைவை அணைத்துவிட்டுச் சாவி மட்டும் வையுங்கள். ஒவ்வொரு சர்வருக்கும் வேறு கடவுச்சொல் வையுங்கள், எல்லாவற்றையும் கீபாஸ் போன்ற ஒரு பெட்டகத்தில் போடுங்கள். அந்தப் பெட்டகத்தின் திறவுகோலை ஓர் உறையில் போட்டு ஒட்டி முதலாளியின் இரும்புப் பெட்டியில் வைத்துவிடுங்கள். நாளை உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் கம்பெனி நின்றுவிடக்கூடாது.

பிறை லைனே போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் ஆறு மணி நேரம் உலகம் முழுக்க நின்றன. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. அதைவிடப் பெரிய தலைவலி அடுத்து வந்தது. பழுதைப் பார்க்கவும் சரிசெய்யவும் வைத்திருந்த கருவிகளும் அதே நெட்வொர்க்கின் மேல்தான் ஓடின. பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் போக வேண்டியிருந்தது, அங்கே பாதுகாப்பு கடுமை என்பதால் உள்ளே நுழைந்து வேலை தொடங்கவும் நேரம் பிடித்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கும் ஈப்போவுக்குக் கார் ஓட்டிய உங்களுக்கும் அன்றைக்கு நிலைமை ஒன்றுதான்.

அதனால் கண்ணுக்கும் கைக்கும் ஒவ்வொரு மாற்று வழி வேண்டும். கண்ணுக்கு: உங்கள் இரண்டு கிளவுட் சர்வர்களும் இருக்கும் நிறுவனத்தில் இல்லாமல், வேறொரு இடத்தில் ஒரு சின்ன கிளவுட் சர்வர் எடுங்கள். அதில் அப்டைம் கூமா என்ற கண்காணிப்பு மென்பொருளைப் போட்டு, பிறை லைன் உயிரோடு இருக்கிறதா, ஸாபிக்ஸ் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். காவல்காரனுக்கு ஒரு காவல் அது. கைக்கு: பிறையிலும் ஈப்போவிலும் கிள்ளானிலும் ரவுட்டருக்கு ஒரு 4ஜி சிம் போட்டு, ஃபைபர் போனால் தானாக அதற்கு மாறும்படி வையுங்கள். கிளைகளில் சுரங்கத்தை வெளியே கூப்பிடுவது ரவுட்டர்தான் என்பதால் சிம்மிலும் அது அப்படியே வேலை செய்யும். பிறை மட்டும் கூப்பிடப்படும் இடம். சிம்முக்கு மாறிவிட்டால் வெளியிலிருந்து அதை எட்டுவது கடினம். அதனால் அந்தச் சின்ன கிளவுட் சர்வரிலும் இரண்டாவது வயர்கார்டு வாசல் ஒன்று வைத்து, பிறை உட்பட எல்லா இடங்களும் அதற்கும் ஒரு சுரங்கம் போடும்படி செய்துவிடுங்கள்.

சர்வரே உறைந்துபோனால் அதற்கும் வழி இருக்கிறது. டெல் சர்வர் என்றால் ஐடிராக், எச்.பி. என்றால் ஐலோ என்று உள்ளே ஒரு சின்னக் கணினி தனியாக உட்கார்ந்திருக்கும். சர்வர் அணைந்திருந்தாலும் மின்சாரம் இருக்கும்வரை அது விழித்திருக்கும். திரையைத் தொலைவிலிருந்து பார்ப்பதற்குத் தனி உரிமம் கேட்கும், அணைத்து ஏற்றுவதற்குப் பெரும்பாலும் அடிப்படை உரிமமே போதும். பல இடங்களில் அதற்கு நெட்வொர்க் கம்பியைக்கூடச் செருகாமல் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த தடவை ஈப்போ போகும்போது அதைச் செருகிவிட்டு வாருங்கள். ஆலையில் போட்ட கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள், வி.பி.என்.-க்கு வெளியே அது தெரியவே கூடாது.

தொலைவிலிருந்து ஃபயர்வாலை மாற்றும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் வழியைப் போட்டுவிட்டுத்தான் வாசலைத் தொட வேண்டும். மைக்ரோடிக் ரவுட்டர் என்றால் 'சேஃப் மோட்' இருக்கிறது, இணைப்பு அறுந்தால் செய்த மாற்றத்தைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும். உபுண்டு சர்வரில் 'நெட்பிளான் ட்ரை' என்று கொடுத்தால் 120 நொடிக்குள் நீங்கள் சரி என்று சொல்லாவிட்டால் பழைய அமைப்புக்கே போய்விடும். சிஸ்கோ ரவுட்டரில் பத்து நிமிடம் கழித்துத் தானாக ரீலோட் ஆகும்படி வைத்துவிட்டு, மாற்றத்தைச் சேமிக்காமல் முயன்று பார்த்து, எல்லாம் நன்றாக இருந்தால் ரீலோடை ரத்து செய்யலாம். இவற்றைத் தெரிந்துகொள்வதற்கு முன் ஜொகூர் பாருவுக்கு ஒரு முறை நடுராத்திரியில் நான் போய் வந்திருக்கிறேன். லினக்ஸில் பெரிய அப்டேட் செய்யும்போது டிமக்ஸ் திறந்து அதற்குள் செய்யுங்கள், நடுவில் லைன் அறுந்தாலும் வேலை பாதியில் நிற்காது.

அப்டேட் என்றதும் இன்னொன்று. ஐந்து லினக்ஸுக்கும் ஆன்சிபிள் கற்றுக்கொள்ளுங்கள், ஒரே கட்டளையில் ஐந்திலும் வேலை நடக்கும். ஆனால் ஐந்தையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். விண்டோஸுக்கும் இதேதான். போனாலும் பெரிய சேதமில்லாத ஒன்றில் முதலில் போட்டுவிட்டு இரண்டு மூன்று நாள் பாருங்கள், பிறகு மற்றவை. நீண்ட விடுமுறைக்கு முதல் நாள் எதையும் மாற்ற வேண்டாம்.

அடுத்து எச்சரிக்கைகள். பல பேருடைய ஏற்பாடு சரிவதே இங்கேதான். ஸாபிக்ஸ் போட்ட முதல் வாரத்தில் அது நூற்றுக்கணக்கில் செய்தி அனுப்பும். டெலிகிராமில் ஒரு பாட் வைத்து அதில் வரவழைப்பது சுலபம், இலவசமும்கூட. ஆனால் எல்லாவற்றையும் போனுக்கு விட்டால் பத்தே நாளில் நீங்கள் சத்தத்தை அணைத்துவிடுவீர்கள். அதற்குப் பிறகு ஈப்போ நின்றாலும் தெரியாது. உங்களை எழுப்பும் தகுதி எதற்கு இருக்கிறது என்று கண்டிப்பாகப் பிரியுங்கள். வியாபாரம் நின்றுவிட்டது, அல்லது ஒரு மணி நேரத்துக்குள் நிற்கப்போகிறது என்றால் மட்டும் இரவில் மணி அடிக்கட்டும். ரெய்டில் ஒரு டிஸ்க் போனது, பேக்கப் தவறியது, டிஸ்க் இன்னும் ஐந்து நாளில் நிரம்பும் என்பதெல்லாம் காலை எட்டு மணிக்கு, நீங்கள் பசியாறும் நேரத்துக்கு வரட்டும். மீதி டேஷ்போர்டில் கிடக்கட்டும்.

டிஸ்க்குக்கு 90 சதவீதம் என்று கோடு கிழிப்பதைவிட, 'இதே வேகத்தில் போனால் எத்தனை நாளில் நிரம்பும்' என்று ஸாபிக்ஸையே கணக்குப் போட வைக்கலாம். 4 டி.பி. டிஸ்க்கில் பத்து சதவீதம் என்பது ஒரு வருடத்துக்குப் போதலாம், உங்கள் ஈப்போ லாக் மாதிரி இருந்தால் ஒரு வாரத்தில் தீரலாம். ஒரு நொடி தடுமாற்றத்துக்குக் கத்தாமல் ஐந்து நிமிடம் தொடர்ந்து இருந்தால் மட்டும் கத்தச் சொல்லுங்கள். கிள்ளான் ரவுட்டர் போனால் அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டு சர்வருக்கும் தனித்தனியாகச் செய்தி வராதபடி, ரவுட்டரைச் சார்ந்தவை அவை என்று சொல்லி வையுங்கள். எல்லாம் நன்றாக இருக்கும் நாளிலும் காலையில் 'பன்னிரண்டும் நலம், எல்லா பேக்கப்பும் முடிந்தது' என்று ஒரு வரி வரட்டும். அந்த வரி வராத காலையில் ஸாபிக்ஸையே போய்ப் பாருங்கள்.

நம் நாட்டுக்கென்று ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை வரும் மாதங்களில் சர்வரைவிட மோடமும் சின்ன சுவிட்சும்தான் முதலில் அடிபடும். யு.பி.எஸ்.-இல் சர்வரை மட்டும் செருகிவிட்டு மோடத்தைச் சுவரில் செருகியிருப்பார்கள். கரண்ட் போனால் சர்வர் உயிரோடு இருக்கும், நீங்கள் அதை எட்ட முடியாது. மோடம், ரவுட்டர், சுவிட்ச் மூன்றையும் யு.பி.எஸ்.-க்கு மாற்றுங்கள். யு.பி.எஸ்.-இலிருந்து சர்வருக்கு ஒரு யு.எஸ்.பி. கம்பி போட்டு, நட் என்ற இலவச மென்பொருளை வைத்தால், பேட்டரி தீருவதற்குள் சர்வர் தானாக ஒழுங்காக அணைந்துகொள்ளும். லிட்டில் இந்தியா கடை ஒரு கடைவீட்டில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கடையைச் சாத்தும்போது ஏர்கானை அணைத்துவிட்டால் சர்வர் இருக்கும் மூலை என்ன சூட்டில் இருக்கிறது என்பதை ஒரு ராத்திரி ஸாபிக்ஸில் பாருங்கள். அந்த வரைபடத்தை முதலாளியிடம் காட்டினால் சின்ன விசிறிக்குக் காசு கேட்பது சுலபம்.

அந்த இரண்டு கிளவுட் சர்வர்களில் இணையதளம் இருந்தால், அது உண்மையான தளம்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் டி.எல்.எஸ். சான்றிதழ் காலாவதியாகும் தேதியையும் ஸாபிக்ஸில் சேர்த்துவிடுங்கள். சான்றிதழின் ஆயுள் 2026 மார்ச் 15 முதல் அதிகபட்சம் 200 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று குறைகிறது. நாட்காட்டியில் குறித்துவைத்துக் கையால் புதுப்பிக்கும் காலம் முடிகிறது, தானாகப் புதுப்பிக்கும்படி இப்போதே மாற்றிவிடுங்கள்.

முதலாளியிடம் பேசுவதைப் பற்றி. அவர் உங்களை எல்லா நேரமும் கூப்பிடலாம் என்பதற்காக இந்த ஏற்பாட்டைக் கேட்கவில்லை, நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருப்பார். ஆனால் வீட்டிலிருந்தே பார்க்க முடியும் என்றான பிறகு, வீடும் அலுவலகம் ஆகிவிடும். தொடங்கும்போதே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்: இரவில் எதற்கெல்லாம் எழுவீர்கள், அதற்கு மறுநாள் என்ன ஓய்வு, நீங்கள் விடுமுறையில் இருக்கும்போது யார் பார்ப்பது. செலவுக்குத் தயங்கினால் சட்டத்தைப் பற்றி அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தின்படி 2025 ஜூன் 1 முதல், பெரிய தீங்கு தரக்கூடிய தரவுக் கசிவு நடந்தால் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் சர்வரில் வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, போன் எண் எல்லாம் இருக்கும். கசிந்ததே தெரியாமல் இருக்கும் நிறுவனத்தால் அந்தக் கெடுவைக் காப்பாற்ற முடியாது. பாதுகாப்புக் கண்காணிப்பை வெளியாரிடம் கொடுக்க அவர் முடிவு செய்தால், அவர்களிடம் 2024-ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஏதாவது நடந்துவிட்டால், இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மைசெர்ட்டின் சைபர்999 சேவைக்குத் தயங்காமல் தெரியப்படுத்துங்கள், அது அதற்காகத்தான் இருக்கிறது.

உங்களுக்கு ஒரு துணை ஆள் வேண்டும் என்று நான் சொன்னால் முதலாளி இன்னொரு சம்பளமா என்று கேட்பார். முழு நேர ஆள் இப்போதைக்கு வேண்டாம். ஒவ்வொரு கிளையிலும் ஒருவரைப் பிடியுங்கள். ஈப்போவில் அன்று 19 தடவை கூப்பிட்டாரே, அவர் பொறுப்பான மனிதராகத்தான் இருக்க வேண்டும். அடுத்த முறை போகும்போது அரை மணி நேரம் அவரோடு உட்காருங்கள். சர்வர், ரவுட்டர், மோடம், யு.பி.எஸ். ஒவ்வொன்றிலும் தமிழிலோ மலாயிலோ பெயர் எழுதிப் பெரிய ஸ்டிக்கர் ஒட்டுங்கள். எந்த விளக்கு பச்சையாக இருக்க வேண்டும் என்று படம் எடுத்து அச்சடித்துச் சுவரில் மாட்டுங்கள். பீப் சத்தம் கேட்டால் கதவைச் சாத்தாமல் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். பிறகு ஒரு நாள், முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு, பிறை லைனைக் கையால் பிடுங்கிப் பாருங்கள்: எச்சரிக்கை எத்தனை நிமிடத்தில் வந்தது, மாற்று வழியில் உள்ளே நுழைய முடிந்ததா, ஈப்போக்காரர் சரியான பொத்தானைக் கண்டுபிடித்தாரா?

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ய நினைக்க வேண்டாம். பேக்கப் இன்று. திறந்திருக்கும் ரிமோட் டெஸ்க்டாப் ஏதாவது இருந்தால் அதை மூடுவது நாளை. ஸாபிக்ஸ் இந்த மாதம், முதலில் ஈப்போவுக்கு மட்டும். வயர்கார்டு அடுத்த மாதம். 4ஜி சிம்மும் ஐடிராக் கம்பியும் நீங்கள் கிளைகளுக்குப் போகப் போக.

ஈப்போ பேக்கப்பைப் பிறைக்குக் கொண்டுவந்ததும், வேறொரு கணினியில் அதை ஏற்றி, நேற்றைய பில் ஒன்று தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் எனக்கு எழுதுங்கள், தம்பி. தெரியாவிட்டால் என்ன செய்தி வந்தது என்பதை அப்படியே எழுத்து மாறாமல் அனுப்புங்கள்.